என் நாவலுக்கு ஒரு முகவர்

அண்ணா,

நேரில் பேசினால் நீ முந்திக்கொள்வாய், நான் சொல்ல வந்தது உள்ளேயே நின்றுவிடும். அதனால்தான் எழுதுகிறேன். என் நாவலைப் பதிப்பகங்களுக்குக் கொண்டுபோக நீ பிடித்து வந்த முகவரின் ஒப்பந்தத்தில் நாளைக்கு நான் கையெழுத்துப் போடப்போவதில்லை.

"பாதியில படிப்ப விட்ட பொண்ணு, தையல் கடையில உக்காந்து நாவல் எழுதியிருக்கு! இதச் சொன்னாலே வித்துடும்" என்று அவர் குதித்தபோது நீயும் கூடச் சேர்ந்து குதித்தாய். கதை எப்படியிருக்கிறது என்று அவரிடம் நான்தான் மென்று விழுங்கிக் கேட்டேன்.

"அதெல்லாம் அப்புறம் படிச்சுக்கலாம்மா. நீ மேடையில நல்லா சிரிச்சுப் பேசு, போதும்."

எனக்குப் பேச வந்தால் நான் ஏன் எழுதுகிறேன்?

இன்னொரு முகவர், அந்த அம்மா, முழுவதும் படித்துவிட்டு நடுவில் கதை நொண்டுகிறது என்றார். "குறை சொல்றவங்க நமக்கெதுக்குடி?" என்று நீ எரிந்து விழுந்தாய். நொண்டுவது எனக்கும் தெரியும், அண்ணா. அதைக் கண்டுபிடித்தது அவர் ஒருவர்தான். அவருக்குச் சம்மதம் சொல்லிவிட்டேன்.

நாளைக்கு உன் ஆள் வந்தால் நீயே சொல்லி அனுப்பிவிடு. நான் உள்ளே திருத்திக்கொண்டிருப்பேன். எனக்குப் பதிலாகப் பேசுவது உனக்குப் புதிதா என்ன?

கோபம் தீராத
உன் தங்கை