சாமிக்கண்ணுவின் இடது கால்

1979, ஐப்பசி 28, புதன்.

எனக்கு எழுத்து வராது. நான் சொல்ல மகள் எழுதுகிறாள்.

பக்கத்து குவார்ட்டர்ஸ் சாமிக்கண்ணு மழையில் மைன்ஸ் படியில் வழுக்கி இடது காலை உடைத்துக்கொண்டான். நஷ்டஈட்டுக்காக விசாரிக்க வந்த ஆபீசர் இன்று என்னைக் கேட்டார். இந்த பிளாக்கில் எது எப்போது நடந்தது என்றாலும் என்னைத்தான் கேட்பார்கள்.

"பெரியவரே, விழறதுக்கு முன்னாடியே அவரு நொண்டுவாரா?"

ஆமென்றால் பணம் குறையுமே என்று நினைத்தேன். "இல்லீங்க, குதிரை மாதிரி நடப்பான்" என்று சொல்லிக் கைநாட்டும் வைத்தேன்.

பெருமையாகப் போய் அவனிடம் சொன்னேன். கட்டுப்போட்ட காலோடு எழுந்து உட்கார்ந்துவிட்டான்.

"என்னாண்ணே பண்ணிட்டு வந்துகீறீங்க! குண்டடி பட்ட இந்தக் காலுக்குத்தான மிலிட்டரி பென்ஷன் குடுக்குது? கால் நல்லா இருந்துச்சுன்னு காயிதம் அங்க போனா நிறுத்திடுவானுங்க. நஷ்டஈடு ஒரு தபா வர்றது. பென்ஷன் சாவுற வரைக்கும்ணே."

"குதிரையாம், குதிரை!" என்றாள் அவன் பெண்டாட்டி. சொல்லிவிட்டு அழுதாள்.

பாகிஸ்தான் சண்டையிலிருந்து அவன் விருத்தாசலம் ரயிலடியில் வந்து இறங்கியபோது நான்தான் அழைத்துவரப் போனேன். மாசி மாதம், வெள்ளிக்கிழமை. இடது கக்கத்தில் கட்டை. ரயில் படி இறங்க என் தோளைப் பிடித்தான். படியில் விழுந்த நாள்வரை அந்தக் காலைச் சாய்த்துத்தான் நடந்தான்.

விடிந்ததும் இந்தத் தாளை ஆபீசரிடம் கொடுப்பேன். இரண்டில் எது பொய் என்று கேட்பார். முதலில் சொன்னதுதான் என்பேன். நம்புவாரோ என்னவோ.

இதன் கீழேயும் கைநாட்டு வைக்க வேண்டும். மகள் மை தேடுகிறாள்.