கிழியாத டோக்கன்

வடகரை
09.01.2022, ஞாயிறு

அன்பு மருமகள் அபிக்கு, உன் தாய்மாமன் மணிமுத்து எழுதுவது. இங்கே நானும் உன் அத்தை ஆனந்தவள்ளியும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், மைக் செட் கடையில் ஸ்பீக்கர் பெட்டிகளும் எலி கடிக்காமல் இருக்கின்றன, ஜெர்மனிக் குளிரில் உனக்கு ஒரு தும்மல்கூட வரக்கூடாது என்று இலஞ்சி முருகனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். இன்று முழு ஊரடங்கு. மூன்றாம் அலை என்கிறார்கள். முந்தாநாள் பேரூராட்சியிலிருந்து திரும்பவும் என்னைத்தான் கூப்பிட்டார்கள், ஆட்டோவில் மைக் கட்டி அறிவிப்புச் செய்ய நம் தாலுகாவிலேயே என்னை விட்டால் குரல் கிடையாது பார்த்துக்கோ. போகமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அலை என்ற வார்த்தையை இனி நான் மைக்கில் சொல்வதாக இல்லை. அது ஏன் என்று உனக்குச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் பேசினால் என் நாக்கு ஒன்றுக்கு நாலாகச் சேர்த்துவிடும், காகிதத்தில் என்றால் சேர்த்ததை அடித்துவிட்டு மேலே போகலாம். அடித்தல் நிறைய இருக்கும், பொறுத்துக்கொண்டு கடைசிவரை படி.

முதல் ஊரடங்கிலேயே நான்தான் அறிவிப்புக்காரன் என்பது உனக்குத் தெரியும். முகக்கவசம் அணிவீர், தேவையின்றி வெளியே வராதீர் என்று நூறு தெருவில் (அடித்துவிட்டேன், பன்னிரண்டு தெரு) சொல்லிக்கொண்டு போனேன். எழுதிக் கொடுத்ததோடு என் சொந்தச் சரக்கையும் சேர்த்தேன், ஜனம் அதையும் அரசாங்கம் சொன்னதாகவே கேட்டது. மறு வருஷம் சித்திரையில் இரண்டாம் அலை என்று எழுதிக் கொடுத்தார்கள். அலை என்றால் எனக்குத் தெரியாதா? நான் எட்டாம் வகுப்போடு நின்றவன்தான், ஆனால் முப்பது வருஷமாக அலையோடு குடித்தனம் நடத்துகிறவன். கோயில் கொடைத் திருவிழாவில் இரண்டு ஸ்பீக்கர் பெட்டியைப் பக்கத்தில் வைத்து ஒன்றுக்கு மட்டும் வயரை மாற்றிக் கொடுத்தால் பாட்டு அமுங்கிப்போகும். ஒரு அலை ஏறும்போது மற்றது இறங்குகிறது, இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். அந்தச் சமயம் பார்த்து யூடியூபில் வெள்ளைக் கோட்டு போட்ட ஒருத்தர், உலகத்தில் எல்லாமே அதிர்வு, நோயும் ஓர் அதிர்வு, எதிர் அதிர்வைக் கொடுத்தால் ஓடிப்போகும் என்று பேசினார். எனக்குச் சாமி வந்த மாதிரி ஆகிவிட்டது. இதைத்தானே நான் கொடைக்குக் கொடை செய்துகொண்டிருக்கிறேன்! நோட்டுப் போட்டு எழுதினேன். முதல் அலை எப்போது ஏறியது, எப்போது இறங்கியது, இரண்டாவது எப்போது உச்சி, எப்போது பள்ளம் என்று கணக்குப் போட்டதில் ஆனி ஆறாம் தேதி பள்ளம் என்று வந்தது. அலை ஏறுகிற நேரத்தில் ஊசி போட்டால் மருந்தும் சேர்ந்து ஏறி உடம்பைத் தூக்கி அடிக்கும், பள்ளத்தில் போட்டால்தான் படியும். இது நானே கண்டுபிடித்தது. டீக்கடைக்கு டீக்கடை சொன்னேன். தலையாட்டிய ஆள் எத்தனையோ பேர். தலையாட்டிவிட்டுப் போய் எல்லோரும் ஊசி போட்டுக்கொண்டார்கள். நான் சொன்னதை நம்பி நின்றது ஊரிலேயே ஒரே ஓர் ஆள்தான். உன் அம்மா.

கிராம நர்சு உமாதேவி வீடு வீடாக வந்து டோக்கன் கொடுத்தாள். அக்காவுக்கு எழுபத்து மூன்றாம் நம்பர், மறுநாள் காலை பத்து மணி, பள்ளிக்கூடத்தில். அண்ணாச்சி, ஒரு பாட்டிலத் தொறந்தா பத்துப் பேருக்குப் போட்டாகணும், அக்காவ மறக்காமக் கூட்டிட்டு வாங்க என்று என்னிடமே சொன்னாள். அவள் தெரு முனை திரும்பியதும் அக்கா கையிலிருந்து டோக்கனை வாங்கி என் சட்டைப்பையில் வைத்தேன். பள்ளம் வரட்டும் என்றேன். உன் அம்மா கொஞ்சம் யோசித்தாள். ஏலே மணி, நம்ம அபியும் ஜெர்மனியில இந்த அலையத்தானே படிக்கா, அவகிட்ட ஒரு வார்த்த கேட்டுருவமா என்றாள். அவ புஸ்தகத்துல படிக்கா, நான் கையால புடிச்சுப் பாத்தவன் என்றேன். அவள் சிரித்துவிட்டு, சரிலே, நீ சொன்னா சரியாத்தான் இருக்கும் என்றாள். அந்தச் சிரிப்பு எனக்கு அப்போது கலெக்டர் கையால் மெடல் வாங்கிய மாதிரி இருந்தது. உமாதேவி மறுநாள் நாலு மணி வரைக்கும் அக்காவுக்காகக் காத்திருந்துவிட்டுத்தான், ஊசியை வீணாக்கக் கூடாது என்று வேறு ஆளுக்குப் போட்டாளாம். இதை அவள் சொல்லவில்லை, பள்ளிக்கூட வாட்ச்மேன் சொன்னான்.

டோக்கன் வாங்கிய பதினாறாம் நாள் அக்காவுக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரிக்கு என்றாள் உன் அத்தை. நான் விடவில்லை. கட்டிலைச் சுற்றிச் செம்புக்கம்பி சுற்றி ஆம்ப்ளிபயரில் மாட்டினேன், எதிர் அலை. விழுகிற தண்ணீரில் மின்சாரம் இருக்கிறது என்று அந்த வெள்ளைக் கோட்டு சொல்லியிருந்ததால் விடியக்காலம் ஸ்கூட்டரில் குற்றாலத்துக்கும் போனேன். ஐந்தருவியில் குளிக்க ஒரு தலை கிடையாது, தண்ணீர் பாட்டுக்குப் பாறையில் விழுந்துகொண்டிருக்கிறது, முன்னால் இரும்புத் தடுப்பு. காவலுக்கு நின்ற போலீஸ் சங்கிலிப்பாண்டி, வே மைக் செட்டு, வெளிய வராதீருன்னு ஊருக்கெல்லாம் நீருதானவே கத்துனீரு என்று விரட்டினார். நான் அவரோடு மல்லுக்கட்டி ஒரு குடம் (அடித்துவிட்டேன்) காலி கேனோடு திரும்பினேன். வீட்டுக்கு வந்தால், விரலில் மாட்டி ஆக்சிஜன் பார்க்கிற மெஷினில் எண்பத்தெட்டு காட்டுகிறது. தொண்ணூற்றைந்துக்குக் கீழே போனால் ஆபத்து என்று மைக்கில் ஊருக்கே சொன்னவன் நான். ஆனால் மெக்கானிக் புத்தி பார், பேட்டரி இறங்கிவிட்டது என்று நினைத்தேன். புது பேட்டரி போட்டேன். எண்பத்தைந்து. கடைக்காரன் பழைய பேட்டரியைத் தலையில் கட்டிவிட்டான் என்று வேறு கம்பெனி வாங்கிப் போட்டேன். எண்பத்தொன்று. உன் அம்மா பேச முடியாமல் என் கையைப் பிடித்துத் தன் விரலைக் காட்டினாள். மெஷினில் பழுது இல்லை என்கிறாள், அது எனக்குப் புரிய ஒரு பகல் முழுக்க ஆனது. அப்புறம் நடந்ததெல்லாம் நீ வீடியோவில் பார்த்ததுதான். மூன்றாம் நாள், கட்டிய மூட்டை, கவச உடையில் நாலு பேர், தூரத்தில் நான்.

நீ அன்றைக்கு அழுதுகொண்டே, அம்மா ஏன் மாமா ஊசி போடல என்று கேட்டாய். என் வாயிலிருந்து என்ன வந்தது என்று ஞாபகம் இருக்கிறதா? ஊசி ஸ்டாக் இல்லை என்று நர்சு திருப்பி அனுப்பிவிட்டாள் என்றேன். நீ நம்பினதும், டோக்கனை உன் அம்மா முகத்துக்கு நேரே கிழித்துப் போட்டாள் என்று சேர்த்தேன். கதைக்கு ஒரு கை, ஒரு கால் வைக்காமல் எனக்கு விட முடியாது. நீ அதை அப்படியே மனுவாக எழுதி மேலிடத்துக்கு அனுப்புவாய் என்று நினைக்கவில்லை. போன வாரம் உமாதேவிக்கு விசாரணை நோட்டீஸ் வந்துவிட்டது. வருகிற இருபதாம் தேதி விசாரணை, வேலை போனாலும் போகலாம் என்கிறார்கள். அவள் புருஷன் படுத்த படுக்கை, பார்த்துக்கொள்ள வேறு ஆள் கிடையாது. நேற்று கடைக்கு வந்தாள். சண்டை போடுவாள் என்று நான் நாலு பதில் தயார் பண்ணி வைத்திருந்தேன். அவள் மெதுவாக, அண்ணாச்சி, நான் எப்பக் கிழிச்சேன்? எனக்கு ஞாபகமே வரலயே. அப்ப நாலு நாளாத் தூக்கம் கெடையாது, ஒருவேள கிழிச்சிருப்பனோன்னு பயமா இருக்கு, நீங்க பக்கத்துல நின்னீங்கல்லா, சொல்லுங்க அண்ணாச்சி என்றாள்.

அபி, செய்யாத காரியத்தை அவள் செய்ததாகவே நம்ப ஆரம்பித்துவிட்டாள். என் கதையைக் கேட்டு இத்தனை வருஷத்தில் எல்லோரும் சிரித்திருக்கிறார்கள், தன்னையே சந்தேகப்பட்டது அவள் ஒருத்திதான். அவளிடம் அங்கேயே உள்ளதைச் சொல்லிவிட்டேன். அவள் ஸ்டூலில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டாள், குடித்தாள், போய்விட்டாள். இருபதாம் தேதி தென்காசிக்கு நானே போய் அதிகாரி முன்னால் சொல்லப்போகிறேன். ஆனால் மனு உன் பேரில் இருக்கிறது, நீயும் எழுத வேண்டும். இந்தக் கடிதம் தபாலில் வந்து சேர நாளாகும் என்பதால் முதலில் உன் அத்தையை விட்டுப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்பச் சொல்கிறேன், பார்த்த அன்றே எழுது. என்னை என்ன செய்யலாம் என்று அதற்கப்புறம் நிதானமாக யோசி. பேசாமல் இருந்தாலும் சரி.

நேரத்துக்குச் சாப்பிடு. காதை மூடாமல் வெளியே போகாதே. அங்கே அடுத்த ஊசிக்குக் கூப்பிட்டால் கூப்பிட்ட நாளிலேயே போய்ப் போட்டுக்கொள், யாரையும் கேட்காதே. நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும், உன் அம்மா சொல்ல வேண்டிய ஆசீர்வாதம் இது, அவள் வாய்க்கு வராமல் செய்தவன் சொல்கிறேன்.

இப்படிக்கு,
உன் தாய்மாமன்
மணிமுத்து

டோக்கனை இந்தத் தபாலோடு வைத்திருக்கிறேன், அதிகாரிக்குக் காட்ட அதன் போட்டோவை எடுத்துக்கொண்டேன். எட்டு மாதமாக ஆம்ப்ளிபயர் பெட்டிக்குள் இருந்தது. எழுபத்து மூன்று என்று உமாதேவி கையெழுத்திலேயே இருக்கும். ஓரத்தில்கூடக் கிழிசல் இருக்காது, வெளிச்சத்தில் பிடித்துப் பார். இதில் மட்டும் நான் எதையும் சேர்க்கவில்லை.