கடலுக்கு முப்பத்தாறரை டிகிரி

சவூதி, 18.8.1996

அன்புள்ள ஹபீபுன்னிசாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம். நீயும் அம்மாவும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன். நான் இன்னும் பார்க்காத நம் இல்மாவுக்குக் காய்ச்சல் நூற்றுமூன்று என்று எழுதிய உன் கடிதம் முந்தாநாள்தான் கிடைத்தது. நீ எழுதிப் பதினாறு நாளாகிவிட்டது. பக்கத்து வீட்டுப் போனுக்கு மூன்று முறை அடித்தேன், யாரும் எடுக்கவில்லை.

கடல்நீரைக் குடிநீராக்கும் இந்த ஆலையில், கடலின் சூட்டையும் உப்பையும் மணிக்கொரு முறை அளந்து எழுதுவதுதான் என் வேலை. நேற்று மதியம் சூடு முப்பத்தாறரை டிகிரி செல்சியஸ், நம் வீட்டுக் காய்ச்சல் தெர்மாமீட்டர் கணக்கில் ஏறக்குறைய தொண்ணூற்றெட்டு. லிட்டருக்கு உப்பு நாற்பத்தாறு கிராம். பத்து வருட ரிஜிஸ்டரில் இரண்டுமே இவ்வளவு ஏறியதில்லை.

கூட வேலை செய்யும் பல்லடத்து வெங்கடபதி, "ஏனுங்க, தெர்மாமீட்டர் கெட்டுப்போச்சுங்களா? மறுக்கா பாருங்க" என்றார். போத்தனூரில் மோட்டார் ரிப்பேர் செய்தபோது தொட்டுச் சூடு பார்த்த பழக்கம், புறங்கையைத் தண்ணீரில் வைத்துப் பார்த்தேன். குழந்தை நெற்றிபோல இருந்தது. கடல் ஏறிய உச்சமே காய்ச்சல் இல்லாத பிள்ளையின் உடம்புச் சூடுதான். கையை எடுக்கத் தோன்றாமல் அடுத்த மணி அளவைத் தவறவிட்டேன். மேனேஜர் திட்டினார், அவ்வளவுதான். நீ சிரித்துக்கொள்.

ஊரிலிருந்து யாராவது வந்தால் இல்மாவின் சட்டை ஒன்று கொடுத்தனுப்பு. துவைக்க வேண்டாம்.

மூன்று மணி ஆகப்போகிறது, அளக்கப் போக வேண்டும். இல்மாவுக்கு இப்போது எவ்வளவு என்று, அளந்த நேரத்தோடு எழுது.

உன்
அமீர் ஹம்சா