பறக்கப் பழகியவனுக்கு ஒரு மெழுகுதிரி

ரொறன்ரோ,
3.11.1994

அன்புள்ள அம்மாவுக்கு,

ஆண்டவர் கிருபையால் சுகமாக இருக்கிறேன். உங்கள் கால் வீக்கம் வற்றிவிட்டதா?

எனக்கு இப்போதும் சேமக்காலையில், கல்லறைகளுக்கு நடுவே இலை கூட்டுகிற வேலைதான். குனிந்து குனிந்து நாரி விட்டுப்போகிறது, வேறொன்றுமில்லை.

நேற்று ஆத்துமாக்கள் திருநாள். அப்பாவின் கல்லறைக்குப் போக ஆமிக்காரர் விட்டார்களா? நான் இங்கே ஒரு விமானப்படைப் பொடியனின் கல்லறையில் மெழுகுதிரி கொளுத்தினேன். கோபிக்காதையுங்கோ அம்மா. அப்பாவைக் கொன்றது விமானம் என்பதை மறக்கவில்லை. இவன் முதலாம் உலகப்போர் நேரம், 1917இல், இங்கே வந்து பறக்கப் பழகும்போதே விழுந்து செத்தவன். ஒருவர் தலையிலும் குண்டு போட்டதில்லை.

"இங்கிலாந்துப் பொடியன். தாய் ஒருநாளும் வந்து பார்க்கேல்லையாம்" என்றார், என்னோடு வேலை செய்யும் மரியநாயகம் அண்ணை.

பஸ்ஸுக்கு நேரமாகிறது. உங்களை இங்கே கூப்பிடுகிற ஸ்பொன்சருக்குக் கேட்ட உங்கள் படத்தை இனியும் பிந்தாமல் அனுப்புங்கோ.

மகன்,
ஜெயசீலன்