கிட்டங்கிச் சுவரில் உங்கள் மகன்

பெயிண்டரே,

போன வாரம் பெய்த மழையில், சாக்கோட்டை போகும் சாலையில் இருக்கும் பழைய நெல் கிட்டங்கியின் சுவரில் வெள்ளை பொரிந்து உதிர்ந்துவிட்டது. சுண்ணாம்புக்கு அடியிலிருந்து சிவப்பு முக்கோணத்தின் ஓரமும், பக்கத்தில் ஒரு பையனின் விடைத்த காதும் வெளியே வந்திருக்கின்றன. பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தவன் இறங்கிவிட்டேன். உங்கள் மகன்தான்.

அப்போது நான் யூனியன் ஆபீஸில் குடும்பக் கட்டுப்பாட்டு விளம்பர வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு பிள்ளை போதும் என்று ஊர் ஊராகச் சுவரில் எழுதியது நீங்கள். மாதிரிப் படத்தில் இருந்த வடக்கத்திப் பிள்ளைகளின் முகம் உங்களுக்குப் பிடிக்கவில்லை. "நம்ம ஊருச் சுவத்துல நம்ம ஊருப் புள்ளைக இருக்கட்டும் சார்" என்று சொந்த மகளையும் மகனையும் வரைந்தீர்கள். ஊருக்கு எழுதுகிறவர் தானும் செய்ய வேண்டாமா என்று கேட்டு உங்களை ஆபரேஷன் முகாமுக்கு அழைத்துப்போனவன் நான். முகாமுக்கு இத்தனை பேர் என்று எனக்கு விதித்திருந்த கணக்கில் ஒரு பெயர் குறைந்திருந்தது. அதை உங்களிடம் சொல்லவில்லை.

இரண்டு வருடத்தில் பையன் காய்ச்சலில் போய்விட்டான். அதற்குப் பிறகு அவன் படம் இருந்த கிட்டங்கிச் சாலையை விட்டு, சைக்கிளை உருட்டிக்கொண்டு வயல் வழியாகச் சுற்றிப் போவீர்கள். என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருக்கலாம்.

பிறகு காரைக்குடியில் மாநில உரிமைக் கூட்டம் ஒன்றுக்குத் தட்டி எழுதப் போனீர்கள். கூட்டத்தையும் இருந்து கேட்டுவிட்டு மறுநாள் காலை நேரே ஆபீஸுக்கு வந்தீர்கள்.

"சார், தலைய எண்ணித்தான் டெல்லி பார்லிமெண்டுல எடம் குடுக்குறாகளாம். நமக்கு ஏற்கெனவே கொறைச்சுட்டாகளாம். புள்ளைக கொறையக் கொறைய இன்னும் கொறையும்னு பேசுறாக. நெசமா?"

"நெசந்தான்."

"அவுக சொன்னதத்தான நாம செஞ்சோம்?"

நான் கோப்பைப் புரட்டினேன். "அது வேற டிபார்ட்மெண்ட்" என்றேன்.

"என் வீட்டுல ஒண்ணு இல்லாமப் போச்சு. அங்குட்டு நமக்காகப் பேசவும் ஆளு இல்லாமப் போகணுமா சார்?"

அன்று மத்தியானமே வாளியில் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு போய் முக்கோணம், எழுத்து, மகள் முகம் எல்லாவற்றையும் அழித்தீர்கள். மகன் முகத்துக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. வெள்ளைச் சுவரில் அவன் மட்டும் இருந்தான். யார் அழித்தது என்று எழுதிக் கொடுக்கச் சொன்னார் மேலதிகாரி. உங்களைக் காட்டிக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. சுவர் ஊறிப்போனதால் ஆபீஸே வெள்ளையடித்தது என்று எழுதிவிட்டேன். பொய்யின் சாயம் வெளுத்துவிடக் கூடாதே என்று, மிச்சமிருந்த முகத்தின் மேல் நானே போய்ச் சுண்ணாம்பு மட்டையால் அடித்தேன்.

சாயங்காலம் வந்து பார்த்தீர்கள். "அவனையும் அடிச்சுட்டீகளா சார்" என்றீர்கள். குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

நீங்களும் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருடமாகிறது. இப்போது மறுபடியும் தலையெண்ணி இடம் பிரிக்கிற பேச்சு வந்திருக்கிறது. டீக்கடையில் என்னைவிடச் சத்தமாகப் பேசுகிறவன் கிடையாது. அன்றைக்கு உங்களுக்குச் சொல்லாத பதிலை எல்லாம் இப்போது யார் யாரிடமோ சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நேற்றுக் கிட்டங்கிக்கு வெள்ளையடிக்க ஆட்கள் வந்தார்கள். அந்த இடத்தை மட்டும் விட்டுவிடச் சொன்னேன். "யாருய்யா இந்தப் பையன்?" என்று ஒருவர் கேட்டார். உங்கள் பெயரைச் சொன்னேன். அவருக்குத் தெரியவில்லை.

"எங்க பையன்" என்றேன்.

சரியென்று தலையாட்டிவிட்டுத் தள்ளிப்போய் அடிக்க ஆரம்பித்தார். வேலை முடியும்வரை நான் அந்த வெயிலிலேயே நின்றேன், கைமறதியாக யாரும் அவன்மேல் அடித்துவிடக் கூடாதே என்று.