தாராகிப் போன கடைசிப் படி

அன்புள்ள வாலுவுக்கு,

இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி நலமாக இருப்பாய் என்று நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். அப்பாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது, மாடிப்படியில் முனகாமல் ஏறுகிறார். குளியலறைக் குழாய் மட்டும் ஒழுகிக்கொண்டே இருக்கிறது, குழாய்க்காரர் வருகிறேன் வருகிறேன் என்பதோடு சரி.

போன வாரம் நீ அப்பாவிடம் போனில் அழுததை நான் பக்கத்தில் துணி மடித்தபடி கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். உன் ஆராய்ச்சிக்காக மாதக்கணக்கில் படிப்படியாகக் கட்டி வந்த மூலக்கூறு கடைசிப் படியில் கறுப்புத் தாராகிக் குடுவையோடு ஒட்டிக்கொண்டது, "எனக்கு ஆர்கானிக் கெமிஸ்ட்ரியே வேணாம்ப்பா, விட்டுட்டு வந்துடறேன்" என்றாய், அப்பா பதறிப்போய் "வந்துடு கண்ணு" என்றார். எனக்கு முதலில் வந்தது பரிதாபம் இல்லை, வயிற்றெரிச்சல். நான் வேதியியலில் பட்டம் வாங்கிய கையோடு பெயிண்ட் ஆலைக்குப் போனவள், ஒரே பெயிண்டுக்கு ஒரே பரிசோதனையைக் காலமெல்லாம் செய்கிறேன், அது ஒருநாளும் கெடாது, ஏனென்றால் அதில் யாருக்கும் தெரியாதது எதுவும் இல்லை. உலகத்தில் இதுவரை இல்லாத ஒன்றைச் செய்யப்போய்க் கெடுத்துக்கொள்ளும் பாக்கியம் உனக்கு, அதையும் வேண்டாம் என்கிறாயே என்று இருந்தது. பெற்ற மகளைப் பார்த்துப் பொறாமைப்படலாமா என்று கேட்காதே, படுகிறேன், என்ன செய்யச் சொல்கிறாய்.

அந்த ஆத்திரத்தில் நீ விட்டுப்போன தடிப் புத்தகத்தை அலமாரி மேலிருந்து இறக்கினேன். ஒரு பெரிய மூலக்கூறைக் கொடுத்து, இதை எதிலிருந்து செய்வாய் என்று பின்னோக்கி வெட்டிக்கொண்டே போகச் சொல்கிற பாடம் என்னைப் பிடித்துக்கொண்டது. தைத்த சட்டையைப் பிரித்துத் துணியாக்குவது மாதிரிதான், எந்தத் தையலை முதலில் பிரிப்பது என்பதில்தான் சூட்சுமமே. அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியவில்லை, "பரீட்சை உனக்கா அவளுக்கா" என்று அப்பா கேலி செய்தார். கடைசியில் பொறுக்க முடியாமல், வேலைக்குப் போகிறவர்களுக்காக இங்கே பல்கலைக்கழகத்தில் நடத்தும் மாலை வகுப்பில் சேர்ந்துவிட்டேன். வாத்தியாருக்கு உன்னைவிட நாலு வயது கூடுதலாக இருந்தால் அதிகம். முதல் நாளே என்னைப் பலகைக்குக் கூப்பிட்டார், அங்கே வரைந்திருந்த மூலக்கூறில் நான் தைரியமாக ஒரு பிணைப்பை வெட்டினேன், தவறு. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவர் மட்டும் "தப்புதாம்மா, ஆனா ஏன் அங்க வெட்டத் தோணுச்சு, சொல்லுங்க" என்றார். நான் சொல்லச் சொல்ல நின்று கேட்டார். பஸ்ஸில் வரும்போது காதெல்லாம் சூடாக இருந்தது, ஆனாலும் சிரிப்பாக வந்தது. ஏன் அப்படித் தோன்றியது என்று ஆலையில் என்னை ஒருவரும் கேட்டதில்லை. உனக்கு அது தினமும் கிடைக்கிறதே என்று நினைத்ததும் பழைய எரிச்சல் இன்னும் ஏறித்தான் போனது.

உன்னை அங்கேயே இரு என்று சொன்னால் அது உன் நல்லதுக்கா, என் ஆசைக்கா என்று எனக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. அதனால் சொல்லவில்லை. நீ விட்டுவிட்டால் உன் இடம் எனக்குக் கிடைத்துவிடாது, எனக்காக நீ அங்கே கிடந்து அவதிப்படவும் வேண்டாம். வருவதென்றால் வா, உன் அறை அப்படியே இருக்கிறது, மேஜை மட்டும் இப்போது என்னுடையது. ஆனால் அந்தக் கடைசிப் படியில் என்ன ஊற்றினாய், எவ்வளவு சூடாக்கினாய், ஈரம் பட வழி இருந்ததா, எல்லாவற்றையும் விவரமாக எழுது. உனக்கு உதவுவதற்காகக் கேட்கவில்லை, அது ஏன் கெட்டது என்று தெரியாமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் குடுவைப் பக்கம் போகாதே, கையுறையோடு முகத்தைத் தொடாதே. நீ எதைத் தொட்டாலும் துலங்கட்டும், துலங்காத நாளிலும் உன் மனசு உடையாமல் இருக்கட்டும். சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் கூப்பிடாதே, நான் வகுப்பில் இருப்பேன்.

இப்படிக்கு,
உன்மேல் பாசமும் பொறாமையும் குறையாத
அம்மா