ஐந்து ஸ்பேடில் ஏன் நின்றீர்கள், மச்சான்?

எதிர் நாற்காலியை இன்னும் காலி செய்யாத என் அன்பு நாச்சிமுத்து மச்சானுக்கு,

மன்றத்தின் ஆண்டு மலரில் உங்களைப் பற்றி எழுதும்படி செயலாளர் கேட்டார். உங்களைப் பற்றி எழுதுவதற்கு எனக்கு உங்களைப் புரிந்திருக்க வேண்டும். சென்ற மாதம் வரை அதில் சந்தேகம் இருந்ததில்லை. இப்போது இருக்கிறது. ஆகவே உங்களுக்கே எழுதுகிறேன். மற்றவர்கள் படித்தால் படிக்கட்டும்.

முதலில் செய்தி. சீட்டாட்ட அறைக்கு மின்விசிறி வந்துவிட்டது. சுற்றினால் சீட்டுகள் மேசையை விட்டுப் பறக்கின்றன. துருப்பு ராணியை நேற்று சன்னலோரம் தேடி எடுத்தோம். நிறுத்தச் சொல்ல எல்லோருக்கும் கூச்சம். வாங்கிக் கொடுத்த மில்காரர் விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்து, "காத்து போதுமாங்க?" என்று கேட்கிறார். "அருமையா வருதுங்க" என்கிறோம், சீட்டை முழங்கையால் அமுக்கிக்கொண்டே.

பிரிட்ஜ் அறியாதவர்களும் இதைப் படிப்பார்கள். அவர்களுக்காக ஒரு வார்த்தை. எதிரெதிரே அமர்ந்த இருவர் ஒரு கட்சி. ஒரு சுற்றை வென்றால் ஒரு பிடி; மொத்தம் பதின்மூன்று பிடிகள். அவற்றில் பன்னிரண்டை எடுப்போம் என்று ஏலத்திலேயே துணிந்து கேட்டு, அப்படியே எடுத்தால் அது ஸ்லாம். அதற்குப் பெரிய வெகுமதி உண்டு. கையிலுள்ளதை வாயால் சொல்லக்கூடாது. முகமும் காட்டக்கூடாது. ஏலத்தில் கூறும் எண்ணும் சீட்டு ஜாதியும்தான் கூட்டாளிக்குச் செய்தி. ஆறு பிடிகளுக்கு மேல் எத்தனை என்பதே அந்த எண்; ஐந்து என்றால் பதினொரு பிடி, ஆறு என்றால் பன்னிரண்டு.

மேல்நாட்டுப் பத்திரிகை ஒன்றில் ஒரு புதிய முறையைப் படித்துவிட்டு நான் உங்கள் பஞ்சுக் கிடங்குக்கே ஓடி வந்தது நினைவிருக்கிறதா? ஒருவர் துருப்பு ஜாதியே இல்லாமல் 'நாலு நோ டிரம்ப்' என்றால் அது உண்மையான ஏலமே அல்ல, உன்னிடம் எத்தனை ஏஸ் என்ற கேள்வி. ஐந்து கிளாவர் என்று பதில் வந்தால் ஒன்றும் இல்லை, டைமன் என்றால் ஒன்று, ஆர்ட்டின் என்றால் இரண்டு. கேட்டவரே பிறகு தீர்மானிப்பார். பதில் சொன்னவர் அதற்குமேல் வாய் திறக்கக்கூடாது. பழைய முறையில் நாலு நோ டிரம்ப் என்பதற்கு, என் கை பலமானது, உன் உத்தேசம் என்ன என்பதுதான் பொருள். அந்தக் குழப்பத்துக்கு இனி இடமில்லை என்றேன். நீங்கள் பஞ்சைக் கிள்ளிப் பார்த்துக்கொண்டே, "ஆகட்டுங்க மச்சான்" என்றீர்கள்.

மன்றக் கோப்பைக்காகக் காசிம் ராவுத்தர் கட்சியோடு ஆடிய அந்தக் கடைசி ஆட்டத்துக்கு வருகிறேன். நீங்கள் ஒரு ஸ்பேடு என்று தொடங்கினீர்கள். நான் மூன்று ஸ்பேடு என்றேன். நாலு நோ டிரம்ப் என்றீர்கள். என்னிடம் இரண்டு ஏஸ். முறைப்படி ஐந்து ஆர்ட்டின் என்றேன். நீங்கள் சிறிது நேரம் என்னைப் பார்த்துவிட்டு ஐந்து ஸ்பேடு என்றீர்கள். நான் பாஸ் என்று ஏலத்தை விட்டுவிட்டேன். ஆடி முடித்தபோது பன்னிரண்டு பிடிகள் நம் பக்கம் இருந்தன. ஆறு கேட்டிருந்தால் கோப்பை நமக்கு. மற்ற இரண்டு ஏஸும் உங்கள் கையிலேயே இருந்திருக்கின்றன, மச்சான்!

"எல்லா ஏஸும் நம்மிடம் என்று தெரிந்தும் ஏன் ஐந்தில் நின்றீர்கள்?" என்று கேட்டேன்.

நீங்கள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சிரித்தீர்கள். "அதையேதானுங்க நானும் கேக்கோணும். நீங்க ஏனுங்க நின்னீங்க?"

ராவுத்தர் இடையில் புகுந்தார். "மேசையில பங்காளி, ஊர் முறைக்கு மச்சான். ரெண்டையும் ஒரே ஆளா வெச்சுக்கிட்டா இப்படித்தானுங்க ஆகும்!"

நான் விடவில்லை. "சனிக்கெழம சாவகாசமாப் பேசலாமுங்க. வண்டி நிக்குது, வாரேனுங்க" என்று கோபிக்குப் புறப்பட்டீர்கள். சனிக்கிழமைக்குள் காய்ச்சல் முந்திக்கொண்டது.

காரியம் முடிந்து சில நாள் கழித்து, உங்கள் வீட்டம்மாவிடம், முறைக்கு என் தங்கச்சியிடம், இதைச் சொன்னேன். துக்க வீட்டில் பேசும் பேச்சா என்று எனக்கே தோன்றியது. தங்கச்சி திகைக்கவில்லை. "ஏனுங்ணா, அவங்களுக்கு அந்தப் புது மொறை புடிக்கவே இல்லீங்ணா. 'ஏஸை எண்ணறதுக்கு நான் எதுக்கு, ஒரு கணக்குப்புள்ள போதுமே'ம்பாங்க. உங்ககிட்டச் சொல்லுங்கன்னா, 'அத்தன ஆசையா வந்து சொன்னாரு, வேண்டாம்னு எப்படிச் சொல்றது'ன்னு போயிருவாங்க."

அப்படியானால் உங்கள் நாலு நோ டிரம்ப் பழையது. என் ஐந்து ஆர்ட்டினை, ஆர்ட்டினில் பலம் என்று எடுத்துக்கொண்டீர்கள். உங்கள் ஐந்து ஸ்பேடு நிற்பதற்கல்ல. 'நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன், இனி உங்கள் விருப்பம்' என்பதற்கு. நான்தான் வாயை மூடிக்கொண்டேன்.

ஓரளவு தெளிந்தது என்றிருந்தேன். ராவுத்தர் அதையும் கலைத்துவிட்டார். "தப்புங்க வக்கீலய்யா. எனக்கு அந்த மொறையச் சொல்லிக்கொடுத்ததே அவருதானுங்க. ஒரு எடத்துல பிசகலீங்க. 'எங்க மச்சான் கண்டுபிடிச்சுக் கொண்டாந்தாரு'ன்னு பெருமை வேற."

இதற்கு என்ன செய்வது? முறை தெரிந்தும் நின்றீர்களா? பிடிக்காத முறையை ஊருக்கெல்லாம் ஏன் புகழ்ந்தீர்கள்? அதற்கு முன் நாம் கேட்டு எடுத்த ஸ்லாம்கள் எல்லாம் எந்த முறையில் வந்தவை? நான் ஏஸ்களை எண்ணிச் சொல்ல, நீங்கள் என் குணத்தை எண்ணி ஆறுக்குப் போனீர்களா? அல்லது அந்த ஒரு தடவை மட்டும், விதியை மீறி நான் உங்களை நம்புவேனா என்று பார்த்தீர்களா? சட்டப் புத்தகத்தில் முரண்பட்ட இரு சாட்சிகளுக்கு வழி உண்டு. இரு சாட்சிகளும் உண்மை சொன்னால் என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. இத்தனை ஆண்டுகள் ஒரே மேசையில் நாம் ஒரே ஆட்டத்தைத்தான் ஆடினோமா, மச்சான்?

இதற்கிடையே ராவுத்தரின் கூட்டாளி மதராசுக்குக் குடிபோய்விட்டார். என் எதிரே உட்கார ராவுத்தர் சம்மதித்திருக்கிறார். "நாலு நோ டிரம்ப் நமக்கு எதுங்க? புதுசா, பழசா?" என்று நேற்று கேட்டார். முன்பானால் பத்திரிகையை விரித்திருப்பேன். நேற்று, சனிக்கிழமை சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். நீங்கள் சொன்ன அதே தவணை.

இன்னும் எனக்கு எதுவும் விளங்கவில்லை. விளங்காமலேயே ஒரு வாக்குக் கொடுக்கிறேன். சனிக்கிழமை முதலில் விசிறியை நிறுத்தச் சொல்வேன். பிறகு, புதிதா பழையதா என்பதை ராவுத்தர்தான் முதலில் சொல்ல வேண்டும் என்பேன். "உங்க இஷ்டமுங்க" என்றாரானால் சீட்டைக் கலைக்க மாட்டேன். பிடிக்காதது எது என்று அவர் வாயால் வரும்வரை உட்கார்ந்திருப்பேன்.

நம் ஏலத்தையும் நான் இன்னும் முடிக்கவில்லை. நீங்கள் ஐந்து ஸ்பேடு என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். என் பாஸைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். விதி இடம் கொடுக்காது, தெரிந்தேதான் சொல்கிறேன்.

ஆறு ஸ்பேடுங்க, மச்சான்.

இப்படிக்கு,
மேசையில் உங்கள் பங்காளி, முறைக்கு உங்கள் மச்சான்,
சுப்பிரமணியம்